பழைய செவர்லே 350 எஞ்சினில் ஹைட்ராலிக் டேப்பெட் செட்டிங்: முதல்முறை செய்பவர்களுக்கு

பழைய செவர்லே பிக்கப் வாங்கியவர்களுக்கு வால்வு கவருக்குள்ளிருந்து வரும் டிக் டிக் சத்தம் புதிதல்ல. யாரைக் கேட்டாலும் ஒவ்வொரு பதில் வரும். என்னிடம் இருப்பது 1978 சி10 பிக்கப், 350 (கன அங்குலம்) எஞ்சின். கலிபோர்னியாவில் ஓட்டுகிறேன். இந்தச் சத்தத்துக்காகப் போன ஒரு ஒர்க்‌ஷாப்பில் வால்வு கவரைத் திறந்துகூடப் பார்க்காமல் கேம் ஷாஃப்ட், லிஃப்டர் (டேப்பெட்டுக்கு இங்கே இதுதான் பெயர்) எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று பெரிய எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். கடைசியில் தேவைப்பட்டது ஒரு பாக்ஸ் ஸ்பானரும் கொஞ்சம் பொறுமையும்தான். தகவல்களை அங்கங்கே பொறுக்கிச் சேர்ப்பதற்குள் நிறைய அலைந்துவிட்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. ஊரில் பைக்குக்கோ லாரிக்கோ டேப்பெட் செட் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஃபீலர் கேஜை நுழைத்து இத்தனை இடைவெளி என்று விடுவார்கள். இங்கே அதை மறந்துவிடுங்கள். ஹைட்ராலிக் லிஃப்டருக்கு இடைவெளியே கூடாது. கேம் ஷாஃப்டின் மேடு லிஃப்டரைத் தூக்கும், லிஃப்டர் புஷ்ராட் என்ற கம்பியைத் தள்ளும், புஷ்ராட் ராக்கர் ஆர்ம் என்ற நெம்புகோலை அசைத்து வால்வைத் திறக்கும். லிஃப்டருக்குள் எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்கும் சின்ன பிளஞ்சர் ஒன்று இருக்கிறது. இடைவெளி பூஜ்ஜியமாகும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ராக்கரைப் பிடித்திருக்கும் நட்டை இன்னும் கொஞ்சம் இறக்கி, அந்த பிளஞ்சரை அதன் ஓட்டத்தின் நடுப்பகுதிக்குத் தள்ளி வைப்பதுதான் இந்த வேலை. எஞ்சின் சூடாகி உலோகம் விரிவதையும் காலப்போக்கில் வரும் தேய்மானத்தையும் அதற்குப் பிறகு லிஃப்டரே சமாளித்துக்கொள்ளும். ஆக, பூஜ்ஜியத்தைச் சரியாகப் பிடித்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி.

1. எஞ்சின் எது என்று காகிதத்தில் உறுதி செய்யுங்கள்

40, 45 வருட பிக்கப்பில் தொழிற்சாலையில் வைத்த எஞ்சினே இன்னும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பிளாக்கின் பின்பக்கம், டிரைவர் பக்கத்தில், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பின் மேல் வார்ப்பு எண் இருக்கும். கையில் ஒரு டார்ச்சும் பழைய பிரஷ்ஷும் எடுத்துக்கொள்ளுங்கள். 3970010 என்று இருந்தால் பெரும்பாலும் 350. பயணி பக்க ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கின் மேல் தட்டையாக ஒரு சின்ன இடம் இருக்கும். அதில் குத்தப்பட்ட எழுத்துகளையும் குறித்துக்கொள்ளுங்கள். கிரீஸும் அழுக்கும் படிந்து மூடியிருக்கும், துடைத்தால்தான் தெரியும். உள்ளே இருப்பது 305 என்று தெரியவந்தாலும் கவலை இல்லை. செய்முறை இதேதான்.

ஆனால் வேறு கம்பெனி எஞ்சின்களுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபோர்டு 302 போன்றவற்றில் பல வருட மாடல்களில் ராக்கரை இறுக்கி விடுவது மட்டும்தான். செட்டிங் என்று ஒன்று கிடையாது. கிரைஸ்லர் 318, 360 எஞ்சின்களின் ஹைட்ராலிக் அமைப்பும் அப்படித்தான்.

கையில் இருக்க வேண்டியவை: உங்கள் வருடத்துக்கான ஷாப் மேனுவல், பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் எமிஷன் ஸ்டிக்கரின் போட்டோ, முந்தைய உரிமையாளர் கேம் ஷாஃப்ட் மாற்றியிருந்தால் அதோடு வந்த அட்டை. இந்தக் கடைசி அட்டையைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். வெளிக் கம்பெனி லிஃப்டர்களில் சிலவற்றுக்குப் பூஜ்ஜியத்திலிருந்து நட்டை அரைச் சுற்றுதான் இறக்கச் சொல்லியிருப்பார்கள். அட்டையில் இருப்பதுதான் உங்கள் அளவு. மேனுவலில் இருப்பது அல்ல.

2. சத்தம் லிஃப்டரிலிருந்துதான் வருகிறதா?

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள்தான் அதிகம் பணம் இழக்கிறார்கள். மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப் மலிவாகவே கிடைக்கும். இல்லையென்றால் நீளமான ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதோரம் வைத்து, முனையை ஒவ்வோர் இடமாக வைத்துக் கேளுங்கள். ஃபேன் பக்கம் கையோ சட்டையோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று கேட்டு, சூடு ஏறியதும் அடங்கினால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கசிவாக இருக்கலாம். இரும்பு விரிந்ததும் விரிசல் மூடிக்கொள்ளும். முன்பக்கம், பயணி பக்கக் கீழ்ப்பகுதியில் சத்தம் பலமாக இருந்தால் மெக்கானிக்கல் ஃபியூயல் பம்பையும் சந்தேகப்படுங்கள். வால்வு கவரின் மேல்தான் பலமாகக் கேட்கிறது, அதுவும் எஞ்சின் வேகத்தில் பாதி வேகத்தில் அடிக்கிறது என்றால் வால்வு பக்கம்தான்.

அப்புறம் எண்ணெய். அளவைப் பாருங்கள், பழசாக இருந்தால் மாற்றுங்கள். ஆயில் பிரஷர் ஒவ்வொரு 1000 ஆர்.பி.எம்.முக்கும் சுமார் 10 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. அது ரொம்பக் குறைவாக இருந்தால் லிஃப்டரைச் செட் செய்து பயன் இல்லை. கோளாறு கீழே இருக்கிறது.

3. என்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்

வால்வு கவர் கேஸ்கட் ஒரு ஜோடி. கார்க் வகை 15 முதல் 20 டாலருக்குக் கிடைக்கும், ரப்பர் வகை 30, 40 வரை போகும். ரப்பரே வாங்குங்கள். இதே கவரை மறுபடி திறக்க வேண்டி வரலாம். கார்க் ஒரு தடவைதான் தாங்கும். எண்ணெயும் ஃபில்டரும் சேர்த்து 40 டாலர் வரை. ராக்கர் நட் 16 கொண்ட செட் 20 டாலர் அளவில் வரும். இதை ஏன் வாங்கச் சொல்கிறேன் என்பதைக் கீழே சொல்கிறேன். கருவிகள்: நட்டுக்கு 5/8 அங்குல ஆழமான பாக்ஸ், கவர் போல்ட்டுக்கு 7/16, ராட்செட், நீளமான கைப்பிடி, பெயின்ட் மார்க்கர், நிறைய பழந்துணி. மில்லிமீட்டர் பாக்ஸ் போட்டு ஒப்பேற்ற வேண்டாம், நட்டின் மூலை மழுங்கிவிடும்.

கருவிகள் கைவசம் இருந்தால் மொத்தம் 100 டாலர், அதற்குக் கொஞ்சம் மேலே. கடையில் கொடுத்தால் கூலியே மணிக்கு 150 டாலர் தாண்டும் ஊரில் இருக்கிறேன். முதல் தடவைக்கு ஒரு முழு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். திங்கட்கிழமை வேலைக்கு இதே வண்டியில்தான் போக வேண்டும் என்ற நெருக்கடியில் ஆரம்பிக்காதீர்கள். அவசரப்பட்டால் இந்த வேலை கெட்டுவிடும்.

4. கவரைக் கழற்றுவது

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், கியரை நியூட்ரலில் போடுங்கள், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். கழற்றும் முன் ஒவ்வொரு வேக்குவம் குழாயையும் வயரையும் போட்டோ எடுத்துவிட்டு, டேப் ஒட்டி எண் போடுங்கள். இது மாட்டும்போது குழம்பாமல் இருக்க மட்டும் இல்லை. ஸ்மாக் சோதனையில் (கலிபோர்னியாவின் வண்டிப் புகைச் சோதனை) இந்தக் குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்.

1987க்கு முந்தைய கவர்களில் ஓரத்தில் நான்கு போல்ட்டுகள். கழற்றிய பிறகும் கவர் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினால் விளிம்பு வளையும். வளைந்த விளிம்பு வாழ்நாள் முழுக்க எண்ணெய் கசியவிடும். ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினாலே விட்டுவிடும். பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது துண்டுகள் உள்ளே விழாதபடி எண்ணெய் இறங்கும் துளைகளைத் துணியால் அடையுங்கள். எத்தனை துணி வைத்தீர்கள் என்று எண்ணி வையுங்கள்.

திறந்ததும் நட்டைத் தொடாதீர்கள். முதலில் கண்ணால் பாருங்கள். ஒரு ஸ்டீல் ஸ்கேலை ராக்கர் ஸ்டட்களின் (நட் ஏறும் தண்டுகளின்) தலைகள் மேல் நீளவாக்கில் வையுங்கள். எல்லாம் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இந்த ஹெட்களில் ஸ்டட்களை மரை இல்லாமல் அழுத்தித்தான் செருகியிருப்பார்கள், நாளாவட்டத்தில் ஒன்றிரண்டு மேலே எழும்பி வரும். ஒரு ஸ்டட் மட்டும் தலையைத் தூக்கி நின்றால் அந்த வால்வுக்கு எந்த செட்டிங்கும் நிற்காது. இன்றைக்குச் சரியாகும், அடுத்த வாரம் மறுபடி சத்தம் வரும். அதற்கு ஹெட் வேலை தேவை.

5. முதல் சிலிண்டரை மேல் நிலைக்குக் கொண்டுவருவது

டிரைவர் பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7. பயணி பக்கம் 2, 4, 6, 8. வெடிப்பு வரிசை 1-8-4-3-6-5-7-2. இரண்டு பக்கமும் வால்வுகள் முன்னிருந்து எக்ஸாஸ்ட், இன்டேக், இன்டேக், எக்ஸாஸ்ட், எக்ஸாஸ்ட், இன்டேக், இன்டேக், எக்ஸாஸ்ட் என்று நிற்கும். ஹெட்டின் ஓரத்தில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தாலும் குழப்பம் வராது.

எட்டு பிளக்குகளையும் கழற்றினால் எஞ்சின் கையால் லேசாகச் சுழலும். கிராங்க் போல்ட்டில் 5/8 பாக்ஸ் போட்டு, முன்னால் நின்று பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றுங்கள். பேலன்சரில் (கிராங்கின் முன்முனையில் இருக்கும் வட்டு) இருக்கும் கோடு, டைமிங் தகட்டின் பூஜ்ஜியத்துக்கு வர வேண்டும்.

இங்கே ஏமாந்துபோக ஓர் இடம் உண்டு. கோடு பூஜ்ஜியத்துக்கு வந்தாலும் வெடிப்பு நிலையில் (பிஸ்டன் மேலே, இரண்டு வால்வும் மூடியபடி) இருப்பது ஒன்றாவதாகவும் இருக்கலாம், ஆறாவதாகவும் இருக்கலாம். கோடு நெருங்கும்போது முதல் சிலிண்டரின் இரண்டு ராக்கர்களையும் பாருங்கள். அவை அசையாமல் இருந்தால் ஒன்றாவது. அசைந்தால் ஆறாவது, இன்னொரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் திறந்து ரோட்டார் ஒன்றாம் நம்பர் வயருக்கு நேராக நிற்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

6. பூஜ்ஜியத்தைப் பிடிப்பது

நிதானம் தேவைப்படும் இடம் இதுதான்.

நட்டைத் தளர்த்துங்கள், ராக்கர் ஆர்மைத் தொட்டால் லொடலொடவென்று ஆடும் வரை. இப்போது இடது கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் புஷ்ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். டக் டக் என்று ஓர் ஆட்டம் விரலில் தெரியும். வலது கையால் நட்டை மெல்ல இறக்குங்கள். ஆட்டம் குறைந்துகொண்டே வரும். ஓரிடத்தில் அந்த டக் நின்றுபோகும். அதுதான் பூஜ்ஜியம். நட்டைத் துளி பின்னால் எடுத்தால் டக் திரும்ப வர வேண்டும், துளி இறக்கினால் மறைய வேண்டும். இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் போய் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பலரும் சொல்லித் தருவது வேறு மாதிரி: புஷ்ராடை விரலால் உருட்டிக்கொண்டே நட்டை இறக்கு, உருட்ட முடியாமல் இறுகும்போது பூஜ்ஜியம் என்பார்கள். நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வண்டி ரொம்ப நாள் நின்றிருந்தால் லிஃப்டருக்குள் எண்ணெய் வடிந்திருக்கும், பிளஞ்சர் ஸ்பிரிங்கின் பலத்தில் மட்டும் நிற்கும். புஷ்ராடில் எண்ணெய்ப் பசையும் இருக்கும். பூஜ்ஜியத்தைத் தாண்டி அரைச் சுற்று இறங்கிய பிறகும் அது விரலில் சுகமாகவே உருளும். அதன் மேல் இன்னொரு சுற்று சேர்த்தால் அளவு மீறிப் போகிறது, வால்வு முழுதாக மூடாமல் போகலாம். மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பதில் இந்த ஏமாற்றம் இல்லை.

நட் பற்றிச் சொன்னேனே, அது இங்கேதான். இந்த நட்டுகளுக்குத் தனியாக லாக் கிடையாது. தங்கள் மரைப் பிடிப்பிலேயே நிற்கின்றன. ஸ்டட்டில் நட் விரலாலேயே சுற்றினால் பிடிப்பு போய்விட்டது என்று அர்த்தம். செட் செய்த இடத்தில் நிற்காது. மாற்றிவிடுங்கள். என் வண்டியில் சத்தத்துக்குக் காரணம் இப்படித் தளர்ந்த நட்டுகள்தான்.

7. அங்கிருந்து எவ்வளவு இறக்குவது

அந்த வருடங்களின் செவர்லே மேனுவலில் பூஜ்ஜியத்திலிருந்து ஒரு முழுச் சுற்று. ஸ்டட் மரை அங்குலத்துக்கு 24 என்பதால் ஒரு சுற்றில் நட் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இறங்கும். முக்கால் சுற்றோடு நிறுத்துகிறவர்களும் உண்டு, அதிலும் தவறில்லை. 16 வால்வுக்கும் ஒரே அளவாக இருந்தால் சரி. பாக்ஸின் மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் சுற்றைக் கணக்கிடுவது எளிது.

ஒரே மூச்சில் சுற்றாதீர்கள். லிஃப்டருக்குள் எண்ணெய் நிறைந்திருந்தால் பிளஞ்சர் உடனே இறங்காது, வால்வு கொஞ்சம் திறந்துகொள்ளும். கால் சுற்று, கொஞ்சம் நிறுத்தம், அடுத்த கால் சுற்று என்று போங்கள். கிராங்கைச் சுற்றும் முன்பும் சில நிமிடம் விடுங்கள்.

8. இரண்டு நிலையில் 16 வால்வு

ஒன்றாவது சிலிண்டர் வெடிப்பு நிலையில் இருக்கும்போது செட் செய்ய வேண்டியவை:
எக்ஸாஸ்ட் 1, 3, 4, 8. இன்டேக் 1, 2, 5, 7.

கிராங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி ஆறாவதை வெடிப்பு நிலைக்குக் கொண்டுவந்த பிறகு:
எக்ஸாஸ்ட் 2, 5, 6, 7. இன்டேக் 3, 4, 6, 8.

முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும் ஒரு புள்ளி வையுங்கள்.

பேலன்சரின் வெளி வளையம் ரப்பரின் மேல் ஒட்டியிருக்கிறது. பழைய வண்டிகளில் ரப்பர் நைந்து வளையம் நகர்ந்துவிடும், கோடு பொய் சொல்லும். சந்தேகம் இருந்தால், அல்லது கேம் மாற்றிய எஞ்சின் என்றால், ஒவ்வொரு சிலிண்டராகச் செய்யுங்கள். அந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கத் தொடங்கும்போது அதன் இன்டேக்கைச் செட் செய்யுங்கள். இன்டேக் முழுதாகத் திறந்து, மூடி முடியப் போகும்போது எக்ஸாஸ்டைச் செட் செய்யுங்கள். நேரம் கூடுதலாகும், ஆனால் கோட்டை நம்ப வேண்டியதில்லை. என் விருப்பம் இந்த முறைதான்.

இதைச் செய்யும்போதே ஒவ்வொரு ராக்கரும் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று கவனியுங்கள். எல்லா இன்டேக்கும் ஏறக்குறைய ஒரே அளவு, எல்லா எக்ஸாஸ்டும் ஒரே அளவு இறங்க வேண்டும். ஒன்று மட்டும் பாதி தூரமே அசைந்தால் கேம் ஷாஃப்டின் அந்த மேடு தேய்ந்துவிட்டது. அப்போதுதான் கேம் மாற்றும் பேச்சே எடுக்க வேண்டும்.

எஞ்சினை ஓடவிட்டுச் செட் செய்யும் முறையும் மேனுவலில் இருக்கிறது. சத்தம் நிற்கும் வரை நட்டை இறக்கி, பிறகு கால் கால் சுற்றாக, ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி காத்திருந்து ஒரு சுற்று. முதல்முறை செய்பவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். ராக்கரிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்தால் புகை மட்டும் அல்ல, தீயும் பிடிக்கலாம்.

9. மூடி, ஸ்டார்ட் செய்வது

துணிகளை எண்ணி எடுங்கள். கவரின் விளிம்பு வளைந்திருந்தால் தட்டையான கட்டையின் மேல் வைத்துத் தட்டி நிமிர்த்துங்கள். போல்ட்டை இறுக்கு இறுக்கு என்று இறுக்கக் கூடாது; 45 அங்குல-பவுண்டு போதும், அதாவது சின்ன ராட்செட்டை விரல்களால் பிடித்து இறுக்கும் அளவு. கசிவுக்குப் பயந்து கூடுதலாக இறுக்குவதால்தான் கசிவே வருகிறது.

எண்ணெய் மாற்றும்போது 1978 போன்ற வருடங்களின் தட்டையான லிஃப்டருக்குத் துத்தநாகச் சேர்க்கை அதிகமுள்ள எண்ணெய் போடுங்கள். டீசல் எஞ்சினுக்கான 15டபிள்யூ-40 எண்ணெய்களைப் பலர் போடுகிறார்கள், நானும் அதையே போடுகிறேன்.

ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் கடகடவென்று கேட்கும். லிஃப்டர்களில் எண்ணெய் ஏறும் நேரம் அது. பிரஷர் கேஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் உடனே அணையுங்கள். சூடானதும் ஐடிலில் வேக்குவம் கேஜை மாட்டுங்கள். முள் 17 முதல் 21 அங்குலத்துக்குள் அசையாமல் நின்றால் நல்லது. மலைப்பகுதியில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டும். சீரான இடைவெளியில் முள் சட்டென்று விழுந்து எழுந்தால் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை. அப்படியே ஓட்டாதீர்கள், அந்த வால்வு கருகிவிடும். மறுபடி திறந்து, நட்டைத் தளர்த்தி, பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குங்கள்.

10. ஸ்மாக் சோதனைக்கு எப்போது போவது

கலிபோர்னியாவில் 1975 மற்றும் அதற்கு முந்தைய பெட்ரோல் வண்டிகளுக்கு ஸ்மாக் கிடையாது. 1976 முதல் உண்டு, பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. இந்த வயது வண்டிகளுக்குப் புகைக்குழாயிலேயே அளவெடுப்பார்கள். வால்வு சரியாக மூடாத சிலிண்டர் எரியாத பெட்ரோலை அப்படியே வெளியே தள்ளும், ஹைட்ரோகார்பன் எகிறும். ஆகவே ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். பிறகு ஒன்றிரண்டு வாரம் சாதாரணமாக ஓட்டி, கேஸ்கட் ஓரத்தில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்து, போட்டோவை வைத்து ஒவ்வொரு குழாயையும் சரிபார்த்து, இக்னிஷன் டைமிங்கையும் ஐடிலையும் எமிஷன் ஸ்டிக்கரில் உள்ளபடி வைத்து, எஞ்சின் நன்றாகச் சூடேறிய நிலையில் கொண்டுபோங்கள்.

எல்லாம் சரியாகச் செய்த பிறகும் ஒரே ஒரு வால்வில் மட்டும் சத்தம் நீடித்தால், அந்த புஷ்ராடை உருவி அதன் நடுத்துளையில் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். அடைத்திருந்தால் சுத்தம் செய்து திரும்பப் போடலாம். துளை திறந்திருந்து, புஷ்ராடும் வளையாமல் இருந்தால் அந்த லிஃப்டர்தான் போயிருக்கிறது. அதை எடுக்க இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும். அது இன்னொரு சனிக்கிழமை வேலை. கழற்றும் லிஃப்டர்களை மட்டும் வரிசை மாறாமல் எண் போட்ட அட்டைப் பெட்டியில் வையுங்கள். ஒவ்வொன்றும் தன் கேம் மேட்டோடு சேர்ந்து தேய்ந்தது. இடம் மாற்றிப் போட்டால் நன்றாக இருக்கும் கேமும் சேர்ந்து போய்விடும்.